பனி வருமென்று யாருக்குத் தெரியாது?

ஒட்டாவாவில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக இரண்டே கால் மீட்டர் பனி விழுகிறது. 2016 பெப்ரவரி 16 அன்று ஒரே நாளில் 51.2 சென்டிமீட்டர் கொட்டி, ஊரின் ஒருநாள் சாதனையை முறியடித்தது. இதெல்லாம் இங்கே யாருக்கும் செய்தி இல்லை. ஒக்டோபர் வந்தாலே காருக்குக் குளிர்கால டயர் மாட்ட வரிசை கட்டுகிறோம். வாசலில் பனி தள்ளும் சவலும் உப்பு மூட்டையும் வந்து குந்திவிடுகின்றன. போன வருஷத்துப் பூட்ஸ் பிள்ளையின் காலுக்குக் கொள்ளுமா என்று போட்டுப் பார்க்கிறோம். ஆனால் 210 கோடி டாலர் செலவழித்து 2019இல் திறந்த மின்சார ரயில் தன் முதல் குளிர்காலத்திலேயே திணறியபோது மட்டும், ஏதோ பனி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்ட மாதிரிப் பேச்சு எழுந்தது.

ஊரில் மாரி மழைக்குக் கூரை ஒழுகினால் மழையையா ஏசுவோம்? வெயில் காலத்தில் கிடுகு மாற்றாமல் விட்டவரைத்தான் ஏசுவோம். எல்.ஆர்.டி. என்று அழைக்கப்படும் இந்த ஒட்டாவா இலகு ரயிலைப் பற்றி வெளிவந்த அறிக்கைகளையும் விசாரணைச் சாட்சியங்களையும் விடாமல் வாசித்து வருபவன் நான். பொறியாளர் இல்லை, அந்த ரயிலில் ஏறி இறங்குகிறவன், அவ்வளவுதான். வாசிக்க வாசிக்க எனக்கு உறுதியானது இது: குளிர்காலத்தில் இந்த ரயில் ஓடுமா ஓடாதா என்பதைப் பெரும்பாலும் கோடைகாலத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதலில் பனி ஒரு ரயிலை எப்படி நிறுத்துகிறது என்று பார்ப்போம். தண்டவாளத்தில் குவிந்து கிடக்கும் பனியில் ரயில் மோதி நிற்பதைத்தான் பலரும் கற்பனை செய்கிறார்கள். அப்படியும் நடக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது அதுவல்ல. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஸ்விட்ச் இருக்கும். கூராகச் சீவிய இரண்டு நீளமான இரும்பு நாக்குகள் இடமோ வலமோ நகர்ந்து, பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கைப்பிடி பனி சிக்கினால் போதும், நாக்கு முழுதாக ஒட்டாது. சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் சிக்னல் அமைப்பு "பூட்டவில்லை" என்றே எடுத்துக்கொள்ளும், ரயிலை விடாது. விடாமல் இருப்பதுதான் சரி. அரைகுறையாய் ஒட்டிய ஸ்விட்சின் மேல் ஓடினால் சக்கரம் தடம் புரளும். ஆக, சின்ன ஒரு பனிக்கட்டி, அதன் பின்னால் நிற்கும் ரயில், அதற்குப் பின்னால் இன்னொன்று. கால் மணி நேரத்தில் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடைமேடைகள் நிரம்பிவிடும்.

ஒட்டாவாவின் முதல் பாதை 12.5 கிலோமீட்டர்தான், 13 நிலையங்கள். மேற்கே டன்னிஸ் பாஸ்சர், கிழக்கே பிளேர். இரு முனைகளிலும் ரயில் திரும்பிப் போவதற்கு ஸ்விட்ச் மாறியே ஆக வேண்டும். உச்ச நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் அந்த இரண்டு முனைகளிலும் இரும்பு நாக்குகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். சாதாரண பஸ்சுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, சுற்றி வளைத்துப் போய்விடும். (இதை எழுதும்போதே, பனியில் ஏறமாட்டாமல் நடுவே மடங்கிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற நீளமான இரட்டைப் பஸ்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. பஸ்சும் ஒன்றும் உத்தமன் இல்லை.)

வானத்திலிருந்து விழும் பனியை விட மோசமானது, ரயிலே கொண்டுவந்து கொட்டும் பனி. ஓடும் வண்டியின் அடிவயிற்றில் பனி அப்பி, இறுகி, கட்டியாகும். ஸ்விட்சின் மேல் போகும்போது அந்தக் குலுக்கலில் கட்டி உடைந்து சரியாக நாக்குகளுக்கு நடுவே விழும். பனி பெய்து ஓய்ந்து, வெயில் கூட எறிக்கத் தொடங்கிய பிறகு ஸ்விட்ச் பழுதானதாக அறிவிப்பு வருவதை இங்கே பலர் கிண்டல் செய்வதுண்டு. கிண்டல் செய்யும் அளவுக்கு அது விசித்திரம் இல்லை.

இதற்கு மருந்து சூடாக்கி. தண்டவாளத்தோடு ஒட்டி மின்கம்பி போட்டுச் சூடாக்குவது ஒரு வகை. இயற்கை எரிவாயுவை எரித்துச் சூடான காற்றைக் குழாய் வழியாக ஸ்விட்சுக்குள் ஊதுவது இன்னொரு வகை. மின்கம்பி இலேசான பனிக்குப் போதும். மணிக்கணக்கில் கொட்டும் பனி, அதோடு காற்று, அதோடு வண்டியிலிருந்து விழும் கட்டி என்றால் அது தாக்குப்பிடிப்பது கடினம். உருகிய தண்ணீர் வடியவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் அதே தண்ணீர் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி உறையும். ஒட்டாவாவில் தொடக்கத்தில் மின்சாரச் சூடாக்கிகளை நம்பினார்கள். முதல் குளிர்காலத்தில் அவை கைவிட்டன. அதற்குப் பிறகுதான் முக்கியமான சில இடங்களில் எரிவாயுச் சூடாக்கிகள் வந்தன. எனக்கு இதில் புரியாத விஷயம் ஒன்றுதான். கனடாவின் ரயில் பாதைகள் ஊதும் சூடாக்கிகளை எத்தனையோ காலமாகப் பயன்படுத்துகின்றன. அதைக் கண்டுகொள்ள ஒரு குளிர்காலத்தைப் பலி கொடுக்க வேண்டியிருந்ததா?

இன்னும் பின்னால் போனால் வெட்கமாகவே இருக்கும். இந்த ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1891இல். தோமஸ் அஹேர்ன், வாரன் சோப்பர் என்ற இரண்டு பேரின் முயற்சி அது. ஒட்டாவாவின் பனியில் மின்சார வண்டியாவது ஓடுவதாவது என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அதற்கு முன் குதிரை இழுத்த டிராம்களே குளிர்காலத்தில் சக்கரத்தை விட்டுச் சறுக்குவண்டிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அஹேர்னும் சோப்பரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மின்சாரத்தால் சுழலும் பெரிய தூரிகைகள் பொருத்திய கூட்டும் வண்டிகளைத் தண்டவாளத்தில் இறக்கினார்கள். பனி விழ விழ அவை கூட்டிக்கொண்டே போகும், பின்னால் டிராம் வரும். வண்டிக்குள் மின்சார வெப்பமும் வைத்தார்கள். இதே அஹேர்ன் 1892இல் ஒட்டாவாவின் ஹொட்டல் ஒன்றில் முழுக்க மின்சார அடுப்பில் சமைத்த விருந்து போட்டுப் பெயர் வாங்கியவர், ஆகவே வண்டிக்குள் வெப்பம் என்பது அவருக்குக் கஷ்டமான வேலை இல்லை. அந்த டிராம்கள் 1959 மே மாதம் வரை ஓடின. கிட்டத்தட்ட எழுபது குளிர்காலம்.

அந்தக் கால டிராமை இன்றைய ரயிலோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். டிராமுக்குத் தானியங்கிச் சிக்னல் கிடையாது. ஸ்விட்ச் அடைத்தால் ஓட்டுநரோ உதவியாளரோ இறங்கி இரும்புக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு ஏறிவிடுவார். வேகமும் குறைவு. இன்றைய அமைப்பில் கதவு முதல் சக்கரம் வரை எல்லாவற்றையும் கணினி கேட்டுக்கொண்டிருக்கிறது, ஒன்று "இல்லை" என்றாலும் வண்டி நகராது. ஆனால் அந்த இரண்டு பேரும் முதல் குளிர்காலம் வருவதற்கு முன்பே தூரிகை வண்டியைப் பற்றி யோசித்தார்கள். இங்கேதான் 2019 கதையில் எனக்கு வயிற்றெரிச்சல்.

ரயில் 2018 மே மாதத்திலேயே நகரின் கைக்கு வந்திருக்க வேண்டும். 456 நாள் தாமதம். ஒரு தேதி சொல்வார்கள், தவறும். இன்னொரு தேதி, அதுவும் தவறும். பயணிகளுக்கும் மாநகர உறுப்பினர்களுக்கும் பொறுமை போய்விட்டது. கடைசியில் இறுதிச் சோதனை ஓட்டம் 2019 ஜூலைக் கடைசியில் தொடங்கி ஓகஸ்டில் முடிந்தது. காற்சட்டையும் டீ-ஷர்ட்டுமாய் ஊர் திரியும் மாதங்கள். பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து, திட்டமிட்ட தூரத்தில் 98 சதவீதம் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆரம்பித்தார்கள். ஓட்டம் சரிவராமல் போகப்போக, 96 சதவீதம் போதும், அதுவும் பன்னிரண்டு நாளில் சிறந்த ஒன்பது நாளை எடுத்தால் போதும் என்று இறக்கினார்கள். உச்ச நேரத்துக்கு 15 ரயில் வேண்டும் என்றிருந்தது 13 ஆனது. இந்த மாற்றங்களை மாநகர சபைக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதைப் பிறகு நீதிபதி வில்லியம் ஹூரிகன் தலைமையிலான பொது விசாரணை வெளியே கொண்டுவந்தது. 2022 நவம்பர் 30இல் வந்த அந்த அறிக்கையில் 103 பரிந்துரைகள். நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள். அரசு அறிக்கை என்றால் தூக்கம் வரும் என்பவர்களுக்கும் இது தூக்கத்தைக் கெடுக்கும்.

செப்டெம்பர் 14 அன்று திறப்பு. ஒக்டோபர் 6 அன்று நகர மையத்துக்கு ரயிலோடு சமாந்தரமாக ஓடிய பஸ்களை நிறுத்தினார்கள். இரண்டே நாளில், ஒக்டோபர் 8 காலை, ஒரு கதவு மூடாமல் அடம்பிடிக்க, மொத்தப் பாதையும் நின்றது. அப்போது பனி ஒரு துளி கூட இல்லை. இலையுதிர் காலத்திலேயே கதவுக்கு இந்த நிலை என்றால், படிக்கட்டு இல்லாத தாழ்தள வண்டியின் வாசற்படியில் பூட்ஸோடு வந்து விழும் சேறும் மணலும் உப்பும் பனியும் என்ன செய்யும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

முழுக் குளிர்காலம் ஒன்றையாவது பயணிகளோடும் பஸ்களோடும் சேர்த்து ஓட்டிப் பார்த்திருக்கலாம். வண்டியைக் குளிர் அறைக்குள் வைத்துச் சோதித்தார்கள் என்பது உண்மை. தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பெரிய குளிர் அறை இதே ஒட்டாவாவில்தான் இருக்கிறது. அங்கே கடும் குளிரை உண்டாக்கிக் கதவு திறக்கிறதா, வெப்பம் வேலை செய்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க முடியும். ஆனால் குளிர் வேறு, குளிர்காலம் வேறு. காலையில் உறைந்து, மத்தியானம் உருகி, இரவு மறுபடி உறைந்து, நடுவே மேம்பாலத்திலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி, ஆயிரக்கணக்கானவர்கள் கதவைத் தள்ளி ஏறி இறங்கும் ஒரு ஜனவரியை எந்த அறைக்குள்ளும் கொண்டுவர முடியாது.

அந்த ஜனவரி வந்தது. 2020. சக்கரங்களில் தட்டை விழத் தொடங்கியது. வழுக்கும் தண்டவாளத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இழுபடும், இழுபட்ட இடம் தேய்ந்து தட்டையாகும். பிறகு "டக் டக் டக்" என்று ஒரு சத்தம், அந்தக் குளிர்காலத்தில் ஏறிய எவருக்கும் மறக்காது. தட்டையான சக்கரத்தோடு நெடுநாள் ஓட முடியாது. கடைந்து மறுபடி வட்டமாக்க வேண்டும். பெல்ஃபாஸ்ட் வீதிப் பராமரிப்பு யார்டில் அதற்கு ஒரே ஒரு கடைசல் இயந்திரம். வண்டிகள் அதன் முன்னால் வரிசையில் நிற்க, பாதையில் ஓட வண்டி இல்லை. 13 ரயில் வேண்டிய காலை நேரத்தில் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய நாட்களும் உண்டு. ரயில் ஒன்றுக்கு இரண்டு வண்டி கோக்க வேண்டும், கையில் மொத்தம் 34. கணக்குப் போட்டுப் பார்த்தால் 13 ரயிலுக்கு 26 வண்டி. மீதி எட்டு. அந்த எட்டுக்குள் பழுது, பராமரிப்பு, கடைசல் வரிசை எல்லாம் அடங்க வேண்டும். நல்ல காலநிலையில் அது போதும்.

கூரைக்கும் வந்தது சோதனை. தாழ்தள வண்டியில் தரை நிலத்தோடு ஒட்டியிருப்பதால் மின்கருவிகளை அடியில் வைக்க இடம் கிடையாது, பெரும்பகுதி கூரைக்குப் போய்விடும். அங்கே 1500 வோல்ட் மின்சாரம். ஈரமும் அழுக்கும் உப்பும் படிந்த கருவிகளில் பொறி பறந்து வண்டிகள் செயலிழந்தன. பழைய எட்மன்டன், கல்கரி வண்டிகள் உயர்தளம் கொண்டவை. 1978இலும் 1981இலும் திறந்த பாதைகள் அவை, ஜெர்மன் வண்டிகள், மேடை ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஒட்டாவா ஏன் அவர்களிடம் பாடம் கேட்கவில்லை என்று அடிக்கடி ஒரு கேள்வி எழும். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கல்கரியில் குளிர் அதிகம், ஆனால் காய்ந்த குளிர். பனியும் ஒட்டாவாவை விடக் குறைவு. எங்களுக்கு வருவது நனைந்த பனி, உறைமழை, பூச்சியத்தைச் சுற்றி ஊசலாடும் வெப்பநிலை. மைனஸ் 25இல் ரயில் சந்தோஷமாக ஓடும். மைனஸ் ஒன்றில்தான் வில்லங்கம்.

அதற்குச் சாட்சி 2023 ஜனவரி. நாலாம் தேதி இரவு உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும் சனியன் அது. மேலே போகும் மின்கம்பியில் ஐஸ் படிந்து, கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கைக்கும் கம்பிக்கும் தொடர்பு விட்டுப்போய், லீஸ், ட்ரெம்ப்ளே நிலையங்கள் பக்கம் ரயில்கள் நடுவழியில் நின்றன. முழுப் பாதையும் திரும்ப இயங்க ஏறக்குறைய ஆறு நாள் பிடித்தது. இதே வட்டாரத்தில் 1998 ஜனவரியில் நாள் கணக்கில் உறைமழை கொட்டி மின்கோபுரங்களையே மடக்கிப் போட்டது. ஒட்டாவாவிலிருந்து மொன்றியல் வரை இலட்சக்கணக்கானவர்கள் இருட்டில் கிடந்தார்கள், இராணுவம் இறங்கியது. அதை நேரில் அனுபவித்தவர்கள் இங்கே இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மேல்நிலைக் கம்பி போட்டவர்களுக்கு உறைமழை புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2023 குளிர்காலத்தில்தான் ரிடோ வாய்க்கால் சறுக்குத் தளம் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு நாள் கூடத் திறக்கவில்லை. 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரே சறுக்கித் திரியும் இடம். வாய்க்கால் உறையும் அளவுக்குக் குளிர் இல்லை, ரயில் உறையும் அளவுக்கு இருந்தது. குளிர்காலம் மிதமாவதால் ரயிலுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரொறன்ரோவில் இருக்கும் அம்மா, பனிப்புயல் என்று தொலைக்காட்சியில் கேட்டாலே போன் எடுப்பார். "தம்பி, இஞ்ச ஸ்னோ கொட்டுது. அங்க ரெயின் ஓடுதோ?"

"ஓடுதம்மா."

"ஓடினா ஏறாத. நடுவில நிண்டா என்ன செய்வாய்? பஸ்ஸில போ."

அவருடைய பயத்துக்குக் காரணம் ஸ்காபரோ. கனடாத் தமிழரில் பாதிப் பேருக்கு அந்தக் காரணத்தை விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான அங்கே 1985இல் திறந்த ஆர்.டி. என்ற ரயில் பாதை, கென்னடியிலிருந்து மக்கோவன் வரை ஆறே நிலையங்கள். முதலில் சாதாரண டிராம் பாதையாகத்தான் அதைத் திட்டமிட்டார்கள். மாகாண அரசு தன் நிறுவனம் உருவாக்கிய புதுத் தொழில்நுட்பத்தை உலகுக்குக் காட்ட ஆசைப்பட்டு, நேர்கோட்டு மோட்டார் ரயிலாக மாற்றியது. சக்கரத்தை மோட்டார் சுழற்றாது. தண்டவாளங்களுக்கு நடுவே படுத்திருக்கும் உலோகப் பட்டைக்கும் வண்டியின் அடியிலுள்ள காந்தத்துக்கும் இடையிலான விசைதான் வண்டியை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே விரலளவு இடைவெளி. அதற்குள் பனி இறுகினால்? பக்கத்தில் ஓடும் மின் தண்டவாளத்தில் ஐஸ் படிந்தால்? பெரும் பனி என்றால் பாதையை மூடிவிட்டு மாற்றுப் பஸ் விடுவது வழக்கமாகிப் போனது. 2023 ஜூலை 24 அன்று கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டதோடு அந்தப் பாதையின் கதை முடிந்தது. மூடுவதற்கு நவம்பரில் நாள் குறித்திருந்தார்கள், அதுவரை கூடத் தாங்கவில்லை.

ஜூலை என்பதைக் கவனியுங்கள். ஒட்டாவாவின் பட்டியலையும் அப்படியே எடுத்து வைத்துப் பார்த்தால் என் வாதம் தானாகவே வெளியே வரும். 2021 ஓகஸ்ட் 8, அச்சுத் தாங்கி உடைந்து ஒரு ரயில் தடம் புரண்டது. 2021 செப்டெம்பர் 19, ட்ரெம்ப்ளே அருகே இன்னொன்று. பராமரிப்பு முடிந்து திரும்பும்போது பற்சக்கரப் பெட்டியின் போல்ட்களைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தார்கள். 54 நாள் பாதை மூடிக் கிடந்தது. 2023 ஜூலை 17, மறுபடி அச்சுத் தாங்கி, 28 நாள். இந்த ரயில் படுத்துவிட்ட இந்த மூன்று தடவையும் வானத்தில் ஒரு பனித்திவலை இல்லை. பனியில் நின்ற நாட்களின் கூட்டுத்தொகை இவற்றுக்குப் பக்கத்தில் கூட வராது என்றே நினைக்கிறேன்.

பனிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொஸ்டனில் 2015 குளிர்காலம் 281 சென்டிமீட்டர் பனி கொட்டியது, அவர்களின் வழக்கத்தை விட இரண்டு மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள். பெப்ரவரி 10 அன்று நகரின் ரயில் சேவை முழுவதையும் நிறுத்த வேண்டி வந்தது, மறுநாள் பொது மேலாளர் பதவி விலகுவதாக அறிவித்தார். எவ்வளவு தயாராக இருந்தாலும் அப்படி ஒரு பெப்ரவரி யாரையும் அடிக்கும். ஆனால் அங்கேயும் முதலில் விழுந்தவை எவை? தூள் பனியை உள்ளே உறிஞ்சிச் செத்துப்போன பழைய மோட்டார்கள். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த வண்டிகள். பிறகு பணம் வந்தது, மின் தண்டவாளச் சூடாக்கிகள் வந்தன, பனித் தடுப்பு வேலிகள் வந்தன.

பனி இரவில் ரயிலை ஓட வைக்க மந்திரம் ஒன்றும் இல்லை. பயணி இல்லாவிட்டாலும் இரவு முழுக்க வெறும் ரயிலை ஓட்டுவார்கள். சக்கரம் ஓடினால் தண்டவாளத்தில் பனி இறுகாது, மேலே கை உரசினால் கம்பியில் ஐஸ் தங்காது. ரொறன்ரோ டிராம்களுக்கும் இதே வைத்தியம்தான். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் பக்கத்தில் துடைப்பமும் காற்றூதியும் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். என் பக்கத்துத் தெருவில் அப்படிப்பட்ட வேலை பார்த்த ஒருவர் இருந்தார். புயல் இரவுகளில் பன்னிரண்டு மணி நேர முறை. விடியற்காலை தாடியில் ஐஸோடு வந்து தன் வீட்டு வாசலைச் சவலால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவார். இவ்வளவு செலவழித்துக் கட்டியது கடைசியில் துடைப்பத்தை நம்பியிருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். "துடைப்பத்தில் சாஃப்ட்வேர் பழுதாகாது" என்றார்.

ஆட்களை வைத்திருக்கச் செலவாகும். புயல் இல்லாத இரவில் அவர்கள் சும்மா நிற்பதாகக் கணக்கு எழுதுபவருக்குத் தோன்றும். ரயிலைக் கட்டிய தனியார் நிறுவனக் கூட்டமைப்பே முப்பது ஆண்டு பராமரிக்கவும் வேண்டும் என்ற ஒப்பந்தத்தில், ஒவ்வொரு உதிரிப் பாகமும் ஒவ்வொரு கூடுதல் ஆளும் யாரோ ஒருவரின் இலாபத்திலிருந்து கழிகிறது. நகரம் தாமதத்துக்குப் பணத்தைப் பிடித்து வைக்கும், அவர்கள் வழக்குப் போடுவார்கள், இடையில் கடைசல் இயந்திரம் ஒன்றாகவே இருக்கும். ஹூரிகன் அறிக்கையில் எனக்கு மிகவும் உறுத்திய பகுதி பொய் சொன்னவர்கள் பற்றியது அல்ல. நகரமும் கூட்டமைப்பும் கூட்டாளிகளாக இல்லாமல் எதிராளிகளாகவே ஆகிப்போனார்கள் என்ற பகுதிதான்.

2025 ஜனவரி 6 அன்று, நீட்டிப்பு வேலைக்காக மூடியிருந்த தெற்கே போகும் இரண்டாம் பாதை மறுபடி திறந்தது. டீசல் வண்டிகள், ஒற்றைத் தடம் நிறைய. நட்ட நடுக் குளிர்காலத்தில், ஒரு திங்கட்கிழமை. முதலில் வார நாட்களில் மட்டும் ஓடியது, பிறகு சனிக்கிழமையைச் சேர்த்தார்கள், அப்புறம் ஞாயிறு. வார இறுதியில் பழையபடி பஸ் போனது. கோடையில் பரீட்சை வைத்துக் குளிர்காலத்தில் கைவிட்ட 2019இலிருந்து இது எவ்வளவோ மேல். தடங்கல்கள் வந்தன, அங்கேயும் ஸ்விட்ச்தான். ஆனால் பஸ்சைப் பிடுங்கிவிட்டு ஆட்களை நடுத்தெருவில் விடவில்லை.

என் கவலை இப்போது கிழக்கே. பிளேரிலிருந்து ட்ரிம் வரை 12 கிலோமீட்டர் நீட்டிப்பு, ஐந்து புது நிலையங்கள். பாதை போவது 174ஆம் நெடுஞ்சாலையின் நட்ட நடுவே. இரண்டு பக்கமும் கார்களும் லொறிகளும், குளிர்காலம் முழுக்க உப்பு. சக்கரங்கள் அந்த உப்புத் தண்ணீரை அள்ளி இரு பக்கமும் வீசும். தாழ்தள வண்டி, கூரையில் மின்கருவிகள், எல்லாம் அதேதான். அந்தக் கூரைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவப் போகிறார்கள் என்று சொல்லும் ஒரு வரியை இன்னும் எந்த அறிக்கையிலும் நான் காணவில்லை. கண்டவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், உடனே வாசிக்கிறேன்.